எமிலி என்கிற மூக்கம்மாள்

மூக்கம்மாளுக்கு இரண்டு பெயர்கள். முதல் பெயர் எமனை ஏமாற்றுவதற்காக வைத்தது. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண் குழந்தைகளும் தங்கவில்லை. அடுத்து வந்தவளுக்குப் பிறந்தவுடன் மூக்கைக் குத்தி மூக்கம்மாள் என்று கூப்பிட்டார்கள். மூளிப் பிள்ளை நமக்கு வேண்டாம் என்று எமன் விட்டுவிட்டுப் போய்விடுவானாம். இரண்டாவது பெயர் ஜப்பான்காரர்களை ஏமாற்றுவதற்காக வைத்தது. அது எமிலி. எமனும் ஏமாந்தான், ஜப்பான்காரர்களும் ஏமாந்தார்கள். வசமாக மாட்டிக்கொண்டவள் அவள்தான்.

நான் சுடலைமணி, சங்கரன்கோவில்காரன். பி.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஊரில் வேலை கிடைக்காமல், கொச்சி மட்டாஞ்சேரியில் காய்கறிக் கடை வைத்திருந்த மாமாவிடம் வெங்காய மூட்டை இறக்க வந்தவன். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டில் அங்கே ஜூ டவுன் என்கிற யூதர் தெருவில் விபின் சார் தொடங்கிய கம்பெனியில் எனக்கும் மூக்கம்மாளுக்கும் ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. கீழே சுக்கு கோடவுன், மேலே எங்கள் ஆபீஸ். மூட்டை பிரிக்கும் நாளில் எல்லோரும் தும்மிக்கொண்டே இங்கிலீஷ் திருத்துவோம்.

வேலை இதுதான். ஜப்பானில் வீட்டிலிருந்தபடி ஆங்கிலம் படிக்கிறவர்கள் அன்றன்றைக்கு ஒரு பக்கம் எழுதி இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். நேற்று மலைக்குப் போனேன், என் நாய்க்கு உடம்பு சரியில்லை, இந்த மாதிரி. நாங்கள் தப்புகளைச் சிவப்பில் திருத்தி, அடியில் ஒரு பாராட்டும் ஒரு கேள்வியும் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். கேள்வி எதற்கென்றால், பதில் சொல்வதற்காகவாவது அவர்கள் மறுநாளும் எழுதுவார்கள். விபின் சார் சில வருஷம் யோகோஹாமாவில் கப்பல் கம்பெனியில் இருந்தவர். அங்கத்து மனிதர்களின் நாடி அவருக்குத் தெரியும்.

மட்டாஞ்சேரிக்காரனிடம் இங்கிலீஷ் படிக்க எவன் பணம் கட்டுவான்? அதனால் வெப்சைட்டில் எங்கள் எல்லோருக்கும் வெள்ளைக்காரப் பெயர், வெள்ளைக்காரப் போட்டோ. நான் ஜார்ஜ். ஓய்வு நேரத்தில் தூண்டில் போடுவேனாம். எனக்கு மீனைத் தின்னத்தான் தெரியும். மூக்கம்மாள் எமிலி. பொன்னிறக் கூந்தல், இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர், அப்பா ரிட்டயரான வாத்தியார், வீட்டுக்குப் பின்னால் ரோஜாத் தோட்டம். அவளுடைய நிஜ அப்பா ரங்கசாமி, கொச்சி நகரசபையில் துப்புரவுத் தொழிலாளி. தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து அந்த வேலைக்கென்றே வந்து, நகரசபைக் குவார்ட்டர்ஸிலேயே நிலைத்துப்போன குடும்பம். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் சம்பளமில்லாமல் படித்து அவளுக்கு இங்கிலீஷ் கற்கண்டாக வரும். மலையாளம் எழுதுவாள். தமிழ் பேச மட்டும்தான் தெரியும், வாசிக்க வராது. நான் எழுதுவதை அவள் படிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சேருகிற அன்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருஷம் வேலையை விட்டுப் போகக்கூடாது. அதற்கு ஈடாக எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பட்டச் சான்றிதழும் விபின் சாரின் இரும்பு பீரோவுக்குள் போயின. எல்லாம் ஒரிஜினல். அப்போது கொச்சியில் சின்னக் கம்பெனிகள் பலவற்றில் இது சகஜம். எங்களுக்கும் அது தப்பாகப் படவில்லை. பத்திரமாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். ஆப்பசைத்த குரங்குக்கு வால் மாட்டிய பிறகுதானே புத்தி வரும்.

அவள் செய்த முதல் தப்பைச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவளுக்கு வந்த பக்கம் ஒகினோ என்ற அம்மாளுடையது. கடலோர ஊர். கணவர் இல்லை, படுக்கையில் கிடக்கும் மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். மாமியாருக்குக் கஞ்சி வைத்தது, துணி துவைத்தது, மழை வந்தது என்று எழுதியிருந்தார். மூக்கம்மாள் எல்லாவற்றையும் திருத்தினாள், பாராட்டும் எழுதினாள். கேள்விதான் வரவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது, பசி வேறு. நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் வாயில் வருவது அவளுக்கும் வந்தது. “மாமியாருக்குக் கொடுத்தீர்கள், சரி. நீங்கள் சாப்பிட்டீர்களா?” என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டாள்.

விபின் சார் கூப்பிட்டு வைத்துக் கேட்டார்.

“மோளே, எந்த வெள்ளைக்கார மதாம்மா மோளே இப்படிக் கேப்பா? சாப்டாச்சா, குளிச்சாச்சான்னு? இது என்ன கல்யாண வீடா?”

“ஸாரி சார். வாயில வந்துடுச்சு.”

“வாயில வர்றதையெல்லாம் எழுதினா கம்பெனியைப் பூட்டிட்டு நாம எல்லாரும் கப்பைக்கிழங்கு விக்கப் போகலாம்.”

மறுநாள் ஒகினோ அம்மாளிடமிருந்து முந்தின நாளைப்போல இரண்டு மடங்கு நீளத்துக்குப் பதில் வந்தது. நான் சாப்பிட்டேனா என்று யாரும் என்னைக் கேட்டு வெகு காலமாகிறது, சாப்பிட்டேன், ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன், எமிலி சாப்பிட்டாயா என்று எழுதியிருந்தார். மூக்கம்மாள் தன் ஊர்க்கதையை மறைத்துக்கொண்டு, ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டேன் என்று எமிலிக்கு ஏற்றமாதிரி எழுதினாள். கூடவே, நாளைக்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று உரிமையாக ஒரு அதட்டலும் போட்டாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒகினோ அம்மாள் எமிலி தவிர வேறு யாரும் தன் பக்கத்தைத் திருத்தக்கூடாது என்று அதிகப்படி சந்தாவில் சேர்ந்தார். அவர் சொல்லி, அவருக்குத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராக எமிலியிடம் வந்தார்கள். ஒருத்திக்கு வயிற்றுப்புண், ஒருத்தியிடம் மகள் பேசுவதில்லை. மூக்கம்மாளுக்கு எல்லோருடைய சமையலும் மனப்பாடம். நேற்று மிச்சமான முள்ளங்கிக் குழம்பை இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். விபின் சார் உஷாரான ஆள். எல்லோரும் பக்கத்தின் அடியில் சாப்பிட்டீர்களா என்று கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். தூண்டில்கார ஜார்ஜாகிய நானும் கேட்டேன். ஒசாகாவில் ஒரு பல் டாக்டர், நான் என்ன சாப்பிட்டால் உங்களுக்கென்ன என்கிற தோரணையில் பதில் எழுதினார். எனக்கு அந்தக் கை வரவில்லை.

“எந்தா சேட்டா, நீங்க கணக்குப்பிள்ளை மாதிரிக் கேட்டா யாரு பதில் பறைவாங்க?” என்று மூக்கம்மாள் சிரித்தாள். “நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு தோணணும்.”

“எனக்குத் தோணலியே தாயி. பக்கத்து வீட்டுல என்ன குழம்புன்னே எனக்குத் தெரியாது. இதுல ஜப்பான்காரன் வீட்டு அடுப்ப எட்டிப் பாக்கணுமாக்கும்.”

அந்தச் சிரிப்பெல்லாம் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மழைக்காலம் வரைதான். ஜூலை மாதம் ரங்கசாமி வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நானும் போய் வந்தேன். குவார்ட்டர்ஸ் முற்றத்தில் மழைத் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மூக்கம்மாளின் அம்மா அழகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தங்கை வீரலட்சுமி அப்போது பிளஸ் டூ.

காரியம் முடிந்து மூக்கம்மாள் ஆபீஸுக்கு வந்தபோது பக்கங்கள் குவிந்து கிடந்தன. எமிலிக்கு ஜலதோஷம் என்று விபின் சார் எல்லோருக்கும் எழுதியிருந்தார். முதலில் திறந்தது ஒகினோ அம்மாளுடையது. உடம்பு தேவலையா, உன் அப்பா எப்படி இருக்கிறார், அவருடைய ரோஜாக்கள் இந்தக் கோடையில் நன்றாகப் பூத்தனவா என்று கேட்டிருந்தார். மூக்கம்மாள் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பிறகு மெதுவாகத் தட்டினாள். அப்பா நன்றாக இருக்கிறார், இந்த வருஷம் சிவப்பு ரோஜா நிறையப் பூத்திருக்கிறது.

அதை எழுதிவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள். நானும் போனேன்.

“செத்தவரை உயிரோட இருக்காருன்னு எழுதிட்டேன் சேட்டா. நான் எழுதல, எமிலி எழுதினா. ஆனா கை என்னோடதுதானே?”

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுகூடத் தெரியாத கோபம்.

ரங்கசாமி பணியில் இருக்கும்போதே இறந்ததால் குடும்பத்தில் ஒருவருக்கு நகரசபையில் வேலை உண்டு. படிப்புக்குத் தக்க வேலை. அழகம்மாள் மூத்தவள் பெயரைக் கொடுத்தாள். அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கையில் துடைப்பம்தான். முதல்முறையாக ஒருத்தி மேஜைக்குப் பின்னால் உட்காரப் போகிறாள் என்பதில் அழகம்மாளுக்கு ஒரே மிதப்பு. காகிதம் நகர்ந்து நகர்ந்து, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆகஸ்டில், சான்றிதழ் சரிபார்க்க வரும்படி உத்தரவு வந்தது. ஒரிஜினல் கொண்டுவர வேண்டும். ஒரிஜினல் காட்டாவிட்டால் படிப்பில்லாதவளாகக் கணக்காகும். அப்பாவின் துடைப்பம்தான் கிடைக்கும்.

முத்திரைத்தாளில் எழுதின மூன்று வருஷம் அதற்குள் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆனால் விபின் சார் பீரோவைத் திறக்கவே இல்லை. என்னுடையதையும்தான். கேட்டால் “ஓணம் கழியட்டும்” என்பார். ஓணம் கழிந்தால் கிறிஸ்துமஸ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதுதான் பெரிய இம்சை. திட்டினால் திருப்பித் திட்டலாம், சிரிக்கிறவனை என்ன செய்ய?

மூக்கம்மாள் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது.

“நல்ல காரியம் மோளே. சர்க்கார் வேலை மாதிரி வருமா? நீ போ. நான் தடுக்கமாட்டேன்.”

“அப்போ சர்ட்டிபிகேட் கிட்டுமா சார்?”

“கிட்டும். நீ போகலாம், எமிலி போகக்கூடாது. ஜப்பான்ல பாதிப் பேரு எமிலிக்காகத்தான் சந்தா கட்டறாங்க. இன்னொரு எமிலியைக் கொண்டுவந்து அந்தக் கசேரில உட்கார வை. அன்னிக்கே பீரோவைத் திறக்கறேன்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக உள்ளே போய், இது அநியாயம், போலீசுக்குப் போவோம் என்றேன். விபின் சார் எனக்கு நாற்காலி போட்டு, சாயா சொல்லி, என் மாமாவின் கடையைப் பற்றி விசாரித்தார். போலீசுக்குப் போனால் கம்பெனி மூடும், உங்க எல்லாருக்கும் சோறு போகும் சுடலை, உனக்கு அது வேணுமா என்றார். சண்டைக்குப் போனவன் சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சான்றிதழ் தொலைந்துபோனதென்று எழுதிக் கொடுத்து வேறு வாங்கலாமா என்று எர்ணாகுளம் பிராட்வேயில் தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். பொய்ச் சத்தியம் செய்ய வேண்டும், அப்படிச் செய்தாலும் மாசக்கணக்கில் ஆகும் என்றார். கெடுவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

எமிலியாக நானே உட்கார்ந்து பார்த்தேன். மூக்கம்மாள் பழைய பக்கங்களையெல்லாம் காட்டி, எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். நானும் மனதார முயன்றேன். ஒகினோ அம்மாளிடமிருந்து மறுநாளே வந்தது: “எமிலி, உனக்கு என் மேல் கோபமா? நேற்று கேள்வி இருந்தது, நீ இல்லை.” அதோடு என் எமிலி உத்தியோகம் போயிற்று.

வேறு யார் இருக்கிறார்கள்? அதே வீட்டில் வளர்ந்து, அதே கன்னியாஸ்திரிகளிடம் படித்து, அதே வாயால் எல்லோரையும் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஒருத்திதான். வீரலட்சுமி அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். அக்காவுக்காகப் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று அவளே சொன்னாள். அழகம்மாளும் தலையாட்டினாள். ஒருத்தி கரையேறட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. மூக்கம்மாள் தடுக்கவில்லை. ஒப்புக்கொண்டாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சரிபார்ப்புக்கு நாலு நாள் முன்னால் அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். வீரலட்சுமி எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னி, புது சுடிதார் போட்டிருந்தாள். மார்போடு ஒரு பிளாஸ்டிக் உறையை அணைத்துப் பிடித்திருந்தாள். அதற்குள் அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். விபின் சார் அவளை எமிலியின் நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பக்கத்தைத் திருத்தச் சொன்னார். அவள் திருத்தினாள். அடியில் கேள்வி எழுதினாள். விபின் சார் வாசித்துவிட்டுத் தொடையில் தட்டினார்.

“இது எமிலிதான். அச்சு அசல்!”

பீரோவைத் திறந்தார். எங்கள் எல்லோருடைய உறைகளும் தட்டில் அடுக்கியிருந்தன. என் பெயர் எழுதிய உறையையும் பார்த்தேன், ஓரத்தில் துரு பிடித்த கறை. மூக்கம்மாளுடையதை உருவி அவள் கையில் கொடுத்தார். அந்தத் தட்டில் உறை இருந்த இடம் வெறுமையாகத் தெரிந்தது. மறு கையை வீரலட்சுமி பக்கம் நீட்டினார்.

“கொடு மோளே. மூணு வருஷம்தான். கண்மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிப்போகும்.”

வீரலட்சுமி உறையை நீட்டினாள். விபின் சார் கை அதில் படுவதற்கு முன்னால் மூக்கம்மாள் நடுவே புகுந்து அதைத் தங்கை பக்கமே தள்ளினாள்.

“வேண்டாம் சார்.”

“எந்து பற்றி? என்ன ஆச்சு மோளே?”

“இவ வேண்டாம். எமிலி நான்தான்.” தன் கையிலிருந்த உறையை அவளே பீரோத் தட்டில், பழைய இடத்தில் வைத்தாள். “பூட்டிக்கோங்க.”

விபின் சார் சிரிக்க மறந்து நின்ற நேரம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். வீரலட்சுமி, “அக்கா, உனக்கு எந்தா பைத்தியமா? ஜோலி போயிடும்!” என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

“போகாதுடீ. அம்மா கையெழுத்துப் போட்டா பேரு மாத்தலாம்னு நேத்தே நகரசபைல கேட்டுட்டேன். உனக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு. உன் புஸ்தகம் உன் கைல இருக்கு, மேஜை வேலைக்கு அது போதும். நீ போ. மேஜை யாருக்குப் போட்டா என்ன, நம்ம வீட்டுக்குத்தானே?”

“அப்புறம் எதுக்கு என்னை இங்க கூட்டிட்டு வந்தே?”

மூக்கம்மாள் தங்கையின் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள். “எனக்கும் ஆசை இருந்துச்சு” என்றாள். “கைல வாங்கின அப்பறமும் இருந்துச்சு. நீ நீட்டினப்போதான் பாக்க முடியல. என்னோடதைத் தூக்கிட்டு ஓடவும் முடியல, அங்க ஒகினோ அம்மா எமிலியைத் தேடுவாங்க.”

தங்கை அழுதுகொண்டே மாடிப்படி இறங்கினாள். புத்தகத்தை விட்டுவிடாதே, மழையில் நனைக்காதே, இன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு படகு பிடித்து எர்ணாகுளம் நகரசபைக்குப் போ என்று மேலிருந்து மூக்கம்மாள் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். தெருவில் எதிரே பழம்பொருள் கடைக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். விபின் சார் பீரோவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, “ஒகினோ பக்கம் வந்திருக்கு மோளே” என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். ஒகினோ அம்மாள் மாமியாருக்கு முடி வெட்டிவிட்டதைப் பற்றி எழுதியிருந்தார். கடைசியில் எப்போதும்போல, நான் சாப்பிட்டேன், உட்கார்ந்தே சாப்பிட்டேன், எமிலி சாப்பிட்டாயா என்ற வரி. நாலு வருஷமாக அந்தக் கேள்விக்கு ரொட்டி, முட்டை, தேநீர் என்று ஏதாவது ஒன்றை எமிலி சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது மூக்கம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று வந்தவுடனே வீரலட்சுமி என்னிடம் சொல்லியிருந்தாள். அவள் தட்டுவதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

“இல்லை. இன்றைக்கு நான் இன்னும் சாப்பிடவில்லை.”

அவ்வளவுதான் எழுதினாள். நாலு வருஷத்தில் எமிலி எழுதிய முதல் நிஜம். விபின் சார் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று எனக்குப் பதைத்தது. அவள் கவலைப்படவில்லை, அனுப்பிவிட்டாள்.

ஜப்பானில் அப்போது சாயங்காலம் ஆகியிருக்க வேண்டும். ஒகினோ அம்மாள் கம்ப்யூட்டர் முன்னாலேயே இருந்தார் போலிருக்கிறது. நாங்கள் அடுத்த பக்கத்தைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நாட்குறிப்பு இல்லை, திருத்தச் சொல்லியும் இல்லை.

“உன் ஊர் எது, உன் பெயர் எது என்று நான் கேட்கமாட்டேன். முதலில் எழுந்து போய்ச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே. நான் காத்திருக்கிறேன்.”

மூக்கம்மாள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா செத்தபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது, சுக்கு கோடவுன்காரர்களுக்குக் கேட்கிற அளவுக்கு வந்தது. நான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவள் முன்னால் தள்ளினேன். கப்பையும் மீன் குழம்பும். திரையை மூடாமல், அதற்கு முன்னால் உட்கார்ந்து, அவள் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள்.